லவ் பேர்ட்ஸின் மூக்கு நிறம் மாறினால் செய்யக்கூடாதவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து வீட்டு பால்கனியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு உண்டு. கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி (budgerigar) என்ற சின்னக் கிளியைத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். "தம்பி, பொட்டைக்கு மூக்கெல்லாம் பொருக்குத் தட்டியிருக்கு. வெந்நீர் தொட்டுச் சுரண்டிடட்டுமா?"

சுரண்டவே கூடாது. நான் முதன்முதலில் வளர்த்த பறவைக்கு அப்படிச் செய்து ரத்தம் வரவைத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றி இருக்கும் தோல், உடம்புக்குள் ஓடும் ஹார்மோனுக்கு ஏற்ப மாறும். பெண் பறவை முட்டையிடத் தயாராகும்போது ஈஸ்ட்ரோஜன் கூடும். மூக்குத்தோல் தடித்து, பழுப்பாகி, சொரசொரப்பாகும். காலம் முடிந்ததும் தானே உதிரும். துளை அடைத்துக்கொண்டால் மட்டும் பறவை மருத்துவரிடம் போக வேண்டும். அப்புறம், இரவு 11 மணி வரை டியூப் லைட் வெளிச்சத்தில் கூண்டை வைப்பதும், முட்டையிடும் பானையை எப்போதும் உள்ளே விட்டு வைப்பதும் பெண்ணை ஓயாமல் முட்டையிடத் தூண்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டு கொடுங்கள்.

நீல மூக்கு ஆண், பழுப்பு மூக்கு பெண் என்று கடையில் சொல்வது வளர்ந்த பறவைக்குப் பெரும்பாலும் சரி. குஞ்சிடம் அது செல்லாது. இளம் ஆணுக்கு மூக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இளம் பெண்ணுக்கோ வெளிறிய நீலம், துளையைச் சுற்றி வெள்ளை வளையம். அந்த நீலத்தைப் பார்த்து ஆண் என்று வாங்கியவர்கள் நிறையப் பேர். சிவந்த கண்ணுள்ள முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் மூக்கு நீலமாகாது.

சிட்டுக்குருவிக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆணின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோனால் கருத்து, மற்ற நாட்களில் வெளிறிப்போகும். அலகின் மேலுறை நகம் மாதிரி வளர்ந்துகொண்டே தேய்வது. அதனால் நிறம் மாற வாரக்கணக்கில் ஆகும். வெளிறிய அலகைப் பார்த்ததும் குருவிக்கு நோய் என்று பிடித்து அடைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடுவதும் தப்புதான். அலகு மட்டும் நீண்டு வளைந்தால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அலகின் ஓரத்தில் தேன்கூடு போலத் துளைத்துளையாக வெள்ளைப் பொருக்கு வந்தால் அது செதில் பூச்சி. மருந்து இருக்கிறது, எண்ணெய் தடவி நாளைக் கடத்த வேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. பல வருடம் நீல மூக்கோடு இருந்த ஆண் மெல்லப் பழுப்பாகத் தொடங்கும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். விந்தகத்தில் வளரும் சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஆணின் மூக்கு பெண்ணுடையது போல் மாறுவது அதனால்தான். கட்டி பெரிதாகி நரம்பை அழுத்தும்போது ஒரு கால் நொண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் மூக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். நீலம் மங்குவது தெரிந்த அந்த வாரமே, பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அந்தப் படங்களோடு போங்கள்.