புல்லட் எஞ்சினுக்கு எந்தக் கேம் லோப்? புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐக் கொஞ்சம் வேகமாகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு லிஃப்ட் போடலாம்?" லிஃப்டை, அதாவது வால்வு திறக்கும் உயரத்தை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காரைக்குடியில் என் வண்டிக்குக் கேம் (சுழன்று வால்வைத் திறந்து மூடும் பாகம்; அதில் துருத்தி நிற்கும் மேடுதான் லோப்) மாற்றியபோது நான் போன வரிசையைத்தான் எழுதுகிறேன். டைமிங் கவரைக் கழற்றுவது, டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கண்டுபிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வண்டி எங்கே ஓடப்போகிறது?

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றும் வண்டி எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். நம் வண்டி திருமயம், புதுக்கோட்டை தாண்டித் திருச்சி போகும். மறுநாள் கானாடுகாத்தான் தெருக்களில் இரண்டாவது கியரில் உருளும். தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்தும் போக வேண்டும். ட்ராக் கேமைப் போட்டால் அங்கே கிளட்சைப் பிடித்தே கை வலிக்கும்.

படி 2: கேம் கார்டை வாசிப்பது

கேமோடு வரும் அளவுத் தாள்தான் கார்டு. ஒரு கார்டில் இன்லெட் வால்வு டிடிசிக்கு 30 டிகிரி முன் திறந்து பிடிசிக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் நிலை) 60 டிகிரி பின் மூடுகிறது என்று இருந்தால், வால்வு திறந்திருக்கும் அளவான டியூரேஷன் 30+180+60, அதாவது 270. அதில் பாதி 135. 30-ஐக் கழித்தால் சென்டர்லைன், அதாவது டிடிசியிலிருந்து லோப்பின் நடு தள்ளி இருக்கும் கோணம், 105. எக்ஸாஸ்ட் 75-35 (பிடிசிக்கு 75 முன் திறந்து டிடிசிக்கு 35 பின் மூடுவது) என்றால் டியூரேஷன் 290, சென்டர்லைன் 110. இரண்டின் சராசரி 107.5 தான் லோப் செபரேஷன், இரண்டு லோப்புகளின் நடுவுக்கும் இடையே உள்ள கோணம். இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஓவர்லாப் 30+35=65. லோப் செபரேஷன் மட்டும் கேம் டிகிரி, மற்றதெல்லாம் கிராங்க் டிகிரி. கேம் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது.

படி 3: இன்லெட் எப்போது மூடுகிறது?

கார்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன். வால்வு மூடிய பிறகுதான் அமுக்கமே தொடங்குகிறது. ஸ்ட்ரோக் 90 மிமீ. கனெக்டிங் ராட் 170 மிமீ, கம்ப்ரெஷன் விகிதம் 6.5 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 60 டிகிரியில் மூடினால் சுமார் 72 மிமீ ஸ்ட்ரோக் மிஞ்சுகிறது, நிஜ கம்ப்ரெஷன் 5.4. 75 டிகிரியில் மூடினால் 62 மிமீதான், கம்ப்ரெஷன் 4.8-க்கு இறங்கிவிடும். பிஸ்டனை மாற்றாமல் பெரிய கேம் போட்டவரின் வண்டி கீழ் ஆர்பிஎம்மில் செத்துக் கிடப்பது இதனால்தான். பாவம், கார்புரேட்டரைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள்.

படி 4: ஒரே டியூரேஷன், வேறு லோப்

என் மண்டையைக் காய வைத்த இடம் இது. இரண்டு கார்டுகளிலும் டியூரேஷன் 270, லிஃப்டும் ஒன்றே. ஆனால் விலை வேறு, வால்வு ஸ்ப்ரிங் பரிந்துரையும் வேறு. ஏன்?

அந்த 270 எந்த உயரத்தில் அளந்தது என்று பார்க்க வேண்டும். டாப்பெட் (லோப்பின் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் துண்டு) 0.15 மிமீ ஏறியதும் அளப்பது ஒன்று, 1.27 மிமீ ஏறிய பிறகு அளப்பது இன்னொன்று. முதல் லோப் 1.27-ல் 220 காட்டுகிறது, இரண்டாவது 232. இரண்டாவது லோப் வால்வைச் சட்டென்று தூக்கி, அதிக நேரம் உயரத்தில் வைத்திருந்து, சட்டென்று இறக்குகிறது. மூடும் நேரத்தைத் தள்ளாமலே காற்று கூடுதலாக உள்ளே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்ப்ரிங் கடினமாக வேண்டும், டாப்பெட்டின் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ராட் வளையாமல் இருக்க வேண்டும், வால்வு சீட்டில் அடிக்கும் சத்தமும் கூடும்.

டாப்பெட்டும் ஒரு எல்லை போடுகிறது. தட்டையான பாதத்தில் லோப் தொடும் புள்ளி, தூக்கும் வேகம் கூடக்கூட ஓரத்தை நோக்கி நகரும். கேம் உரசும் திசையில் பாதத்தின் அகலத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 24 மிமீ என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 12. ஓரத்தில் 1 மிமீ விட்டுவிடுங்கள், 11. அதை 57.3-ஆல் (ஒரு ரேடியனுக்கு இத்தனை டிகிரி) வகுத்தால் 0.19. கேம் ஒரு டிகிரி திரும்பும்போது டாப்பெட் 0.19 மிமீக்கு மேல் ஏறக் கூடாது. மீறினால் ஓரம் லோப்பைச் சீவிவிடும். கிரைண்டிங் பட்டறையில் "அதிகபட்ச வெலாசிட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு பட்டறை பாருங்கள்.

என் தேர்வு: ஸ்டாக் (கம்பெனியில் வந்த) டியூரேஷனுக்கு ஓரிரு டிகிரி பக்கத்திலேயே, கொஞ்சம் வேகமான லோப்.

பழைய கேமை மறுபடி கடைந்து ரீகிரைண்ட் செய்வது எனக்குப் பிடிக்காது. மேற்பரப்பில் கெட்டியாக்கிய தோல் மெல்லியது. அது போய்விட்டால் உள்ளே மெது இரும்புதான்.

படி 5: போட்டு அளப்பது

கிராங்கின் கோணத்தைக் காட்டும் டிகிரி வீலைக் காகிதத்தில் அச்சடித்து அலுமினியத் தகட்டில் ஒட்டினால் போதும், பெரிதாக இருக்கட்டும். வால்வின் அசைவை அளக்கும் டயல் கேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழையதானாலும் மிட்டுடோயோ பிராண்டில் வாங்குங்கள். அசல் ஸ்ப்ரிங்கைக் கழற்றி மெல்லிய ஸ்ப்ரிங் போட்டு, டிடிசிக்கு 5 முதல் 15 டிகிரி வரை முன்னும் பின்னும் வால்வைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிஸ்டனுக்கு இன்லெட்டில் 2 மிமீ, எக்ஸாஸ்ட்டில் 2.5 மிமீ இடைவெளி வேண்டும். களிமண் வைத்துப் பார்ப்பதும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வால்வுகள் இரண்டும் சாய்ந்து நிற்பதால் ஓவர்லாப்பில் ஒன்றையொன்று தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டைமிங் கொஞ்சம் தள்ளியிருந்தால் கியரில் ஒரு பல் மாற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். கேம் கியரில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கே 18 கிராங்க் டிகிரி.

முதல் ஸ்டார்ட்டில் லோப்பில் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) தடவி, ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் அளவில் ஓட்டுங்கள். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்து, ஐந்தைந்து நிமிடமாக, ஆறவிட்டு ஆறவிட்டு.

பிற்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். திறக்கும் பக்கம் வேகமாகவும் மூடும் பக்கம் மெதுவாகவும் உள்ள லோப் கேட்டு வாங்கினாராம். போட்டதும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் டக் டக் என்று அடிக்கிறதாம். புல்லட்டில் இரண்டு கேமும் பல்லோடு பல் இணைந்து சுற்றுவதால் ஒன்று இடம் போனால் மற்றது வலம். பட்டறையில் இரண்டையும் ஒரே திசைக்குக் கடைந்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் மெதுவாகத் திறந்து, படாரென்று மூடுகிறது. இருபக்கமும் ஒரே மாதிரியான லோப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி இல்லையென்றால், ஆர்டர் தாளில் ஒவ்வொரு கேமுக்கும் சுழலும் திசையை அம்புக்குறி போட்டு வரைந்து கொடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த திசை என்பதையும் எழுதிவிடுங்கள்.