“நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்காதீர்கள்: பயிற்சித் தாதியருக்கு

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு அணியும் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதில்தான் முதலில் சறுக்குகிறது. உயரம், எடை எடுப்பதில் வரும் பிசகுகள் இரண்டு வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?”

இந்தக் கேள்வி காதில் விழுந்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண் எவரும் இதற்கு “இல்லை” என்று சொல்லமாட்டார். “ஆமாம் மிஸ்” என்பார். உணவு போதுமானது என்று அட்டையில் ஏறிவிடும்.

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் (டெசிலீட்டருக்குக் கிராமில்) 9-ஐத் தாண்டவே இல்லை. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. மாணவி ஈரலும் முட்டையும் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதமும் அதே அளவு. பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று விடிந்ததிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். எழுந்ததும் பிளேன்டீ, அதாவது பால் சேர்க்காத தேநீர். மலைக்குக் கட்டிக்கொண்டுபோன ரொட்டி, சம்பல், போத்தலில் பிளேன்டீ. பகலில் சோறும் பருப்பும், பிறகு தேநீர். இரவு ரொட்டி. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியதும் தேநீரோடுதான்! கர்ப்பிணிக்கென்று அரசு தரும் சத்துமாவான திரிபோஷா, வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்காகியிருந்தது.

தேயிலையில் உள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்குத் தண்ணீர், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி, கீரையில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, கல்சியம் மாத்திரை வேறு வேளைக்கு. இவற்றுக்குக் காசு தேவையில்லை. ஈரல் வாங்கச் சம்பள நாள் வரவேண்டும். நேற்று சம்பள நாளா, திருவிழாவா என்றும் கேளுங்கள். அன்றைய சாப்பாடு மற்ற நாட்களைக் காட்டாது.

தராசை மட்டும் நம்புவது

உடலில் நீர் கோத்த வீக்கமும் எடையாகத்தான் காட்டும். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா?

கைச்சுற்றளவு நாடா

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் புத்திமதி போதாது. உடனே வைத்தியரிடம்.

ஆப்பிள், ஓட்ஸ்

இவற்றைச் சாப்பிடச் சொல்ல வேண்டாம். வல்லாரை, நெத்தலி, பருப்பைச் சொல்லுங்கள்.

சமைப்பவரை மறப்பது

பகலெல்லாம் மலையில் நிற்பவருக்கு வீட்டில் பெரும்பாலும் மாமியார்தான் சமைக்கிறார். அவரையும் வரச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், அதற்கும் “ஆமாம் மிஸ்”தான் வரும். மாத்திரையை எப்போது, எதோடு குடிப்பார் என்று அந்தக் கர்ப்பிணியே சொல்லட்டும். தேநீரோடு என்றால் முதலிலிருந்து தொடங்குங்கள்.