அமைப்பிடம் மாட்டிக்கொண்ட சக நர்ஸுக்கு எப்படித் துணை நிற்பது? டெல்லித் தமிழ் நர்ஸுகளுக்கு

முதலில், அவரிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். அனுப்பியது கவுன்சிலா, அசோசியேஷனா? டெல்லி நர்சிங் கவுன்சில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அது நர்ஸ் பதிவை நீக்கினால் வேலைக்கே ஆபத்து. அசோசியேஷன்கள் பெரும்பாலும் 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. அவை நீக்கினால் மெம்பர்ஷிப்தான் போகும், பதிவு அப்படியே இருக்கும். பயந்துபோயிருக்கும் சிஸ்டரிடம் இதைச் சொன்னாலே பாதி நடுக்கம் அடங்கும்.

பதில் சொல்லக் கெடு எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கடித உறையையும் தூக்கிப் போட வேண்டாம். எப்போது கையில் கிடைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. புகாரின் நகல், ஆதாரங்கள், எந்த விதியை மீறியதாகக் குற்றச்சாட்டு, சம்பவத் தேதியில் நடப்பிலிருந்த பைலா (அமைப்பின் உள்விதிகள்), இந்த நான்கையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அவகாசம் வேண்டுமானால் கெடு முடியும் முன்பே கேட்க வேண்டும்.

இங்கேதான் நல்ல மனசுள்ளவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். “தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்துடு, முடிஞ்சுடும்” என்பார்கள். முடியாது. அந்தக் காகிதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

உங்கள் சாட்சியக் கடிதத்தில் நேரில் பார்த்தது மட்டும் இருக்கட்டும்: தேதி, ஷிப்ட், வார்டு, யார் என்ன சொன்னார்கள். ஒரே வாசகத்தில் முப்பது பேர் போட்ட கையெழுத்தைவிட, மூன்று பேர் தனித்தனியாக எழுதியது எடை கூடியது. கேஸ் ஷீட்டை மொபைலில் படமெடுத்து இணைக்கவே வேண்டாம். நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டதாக இன்னொரு குற்றச்சாட்டு கிளம்பும், அதுவும் உங்கள் மேலேயே.

ஹியரிங் நைட் டியூட்டிக்கு மறுநாள் காலை வந்தால் டியூட்டியை நீங்கள் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். தூங்காத கண்ணோடு குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. துணைக்கு ஒருவர் வரலாமா என்று முன்பே எழுதிக் கேட்கட்டும். புகார் கொடுத்தவரோ அவருக்கு வேண்டியவரோ கமிட்டியில் இருந்தால் ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே பதிய வேண்டும். தீர்ப்பு வந்தபின் சொன்னால் மதிப்பு குறைவு. நீங்கள் உள்ளே போக முடிந்தால் நோட்டும் பேனாவும் போதும். அன்று மாலையே, நடந்ததைச் சுருக்கி அவர் பெயரில் கமிட்டிக்கு மெயில் போகட்டும்.

கவுன்சில் என்றால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. டெல்லியில் தமிழில் எழுத முடியாது, இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். “ஏன் நீக்கினீர்கள்?” என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள், கூட்டக் குறிப்பு, கோப்புக் குறிப்புகளின் நகல் என்று கேளுங்கள்.

கோர்ட் என்றால் கவுன்சிலுக்கு எதிராக ஹைகோர்ட்டில் ரிட் (சட்டப்படி அமைந்த அமைப்பின் முடிவை எதிர்க்கும் மனு), அசோசியேஷனுக்கு எதிராகப் பெரும்பாலும் சிவில் வழக்கு. சங்க உறுப்பினர் நீக்கத்தில் விதிப்படி நடந்தார்களா, நியாயமான வாய்ப்பு கொடுத்தார்களா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும் என்று டி.பி. டேவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மேலே சொன்ன காகிதங்களுக்கு அதனால்தான் இத்தனை முக்கியம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகளைத் திட்டி எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம். கோபத்தில் கூட்டமாக ராஜினாமா செய்வதும் வேண்டாம். சந்தாவைக் கட்டி மெம்பராகவே இருங்கள். பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரவும் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடவும் ஆள் வேண்டுமே.