தாலித் தட்டு சுற்றி வரும் நேரம்: கல்யாணப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு

ஆடி முழுக்க அலமாரியில் தூங்கிய கேமராவுக்கு ஆவணி பிறந்ததும் ஓய்வே இல்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், அதே வீட்டில் பாட்டியைத் தனியாக ஒரு படம், அடுத்த வாரம் புதுத் தம்பதியோடு மாமல்லபுரம். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் சித்தப்பா மகன், "அண்ணா, நான் எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முந்தின நாள் மாலையே மண்டபத்துக்குப் போங்கள்

எப்படியும் ரிசப்ஷன் இருக்கும். கூட்டம் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், பூ அலங்காரம் செய்யும் தம்பி யாரையாவது மேடையில் உட்காரவைத்து நாலு படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/200 நொடி, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 1600. இதில் தொடங்கலாம். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள், ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தாலி கட்டும் கை கலங்கிப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுங்கல், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். அப்படி விழுந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மணமக்கள் அதிக நேரம் உட்கார்ந்தே இருப்பதால் சமாளித்துவிடலாம். இது முகூர்த்தத்தின் நடுவே தெரியவருவதைவிட முந்தின நாளே தெரிந்துவிடுவது நல்லது.

அப்படியே தலைக்கு மேலும் பாருங்கள். வெள்ளைக் கூரை தாழ்வாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். ரோஸ் துணி கட்டியிருந்தால் மாமனார் முகமும் ரோஸ்தான். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்தால் நிறத்தை ஓரளவு பிறகு திருத்திக்கொள்ளலாம்.

முகூர்த்தம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். காலையில் முதல் வேலை ஐயரிடம் பேசுவது. நான் கேட்டது ஒன்றுதான்: "சாமி, தாலி கட்டறப்போ மாப்பிள்ளை உட்கார்ந்தே கட்டுவாரா, எழுந்து நின்னா?" அவர் சிரித்துக்கொண்டே, "எழுந்துதான் தம்பி. தட்டு சுத்தி வந்ததும் ரெடியா இருங்கோ" என்றார்.

அந்தத் தட்டுதான் உங்கள் கடிகாரம். தேங்காய் மேல் தாலியை வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையில் சுற்றி வருவார்கள். தட்டு கடைசி வரிசைக்குப் போகும்போதே நீங்கள் இடம் பிடித்துவிட வேண்டும். மேடைக்குத் திரும்பிவிட்டால் அட்சதையோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், செல்போன்களும் கூடவே எழும்பும்.

இடம் எது? பெண்ணுக்கு வெளிப்பக்கம், அதாவது மாப்பிள்ளை இல்லாத பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி, முழங்கால் போட்டு. அங்கிருந்து குனிந்த பெண்ணின் முகமும் தெரியும், அவள் பக்கம் சாயும் மாப்பிள்ளையின் முகமும் தெரியும். பின்னால் போய் முடிச்சை எடுக்க ஆசைப்படாதீர்கள். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மீதி இரண்டும் நாத்தனார். பின்னால் நிற்பவருக்கு நாத்தனாரின் முதுகுதான் கிடைக்கும்.

கெட்டிமேளம் கொட்டும்போது பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். என் முதல் கல்யாணத்தில் ஐயர் கையைத் தூக்கியதுமே அழுத்தினேன், விடவே இல்லை. மாப்பிள்ளை கை கழுத்துக்குப் போகும்போது கேமராவின் பஃபர், அதாவது தற்காலிக நினைவகம் நிரம்பி, அது பாட்டுக்குக் கார்டில் எழுதிக்கொண்டிருந்தது. கைகள் வந்து சேராத படங்கள் இருபது, முடிச்சு விழுந்த படம் ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் இரண்டு மூன்று படமாக விட்டு விட்டுத்தான் எடுக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஹோமப் புகை வரும்போது ஃபிளாஷை அணையுங்கள், புகை வெள்ளைத் திரையாகி ஆளையே மறைக்கும். அரக்குச் சிவப்புக் கூறைப் பட்டுக்கு ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு நிற வளைவை மட்டும் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் நெசவு போய், வெறும் சிவப்புதான் மிஞ்சும்.

வீடு திரும்பியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல். அதுவரை கார்டை அழிக்க வேண்டாம்.

பாட்டி

மறுநாள் வீட்டில் எடுத்த படம் எளிது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். ஜன்னல் ஒரு தோள் பக்கம் இருக்கட்டும், நேர் எதிரில் வேண்டாம். 85 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/125. "சிரிங்க பாட்டி" என்றதும் பல் போன வாயை இறுக மூடிக்கொண்டார். சரி என்று வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்தேன். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாதியில் தானாகவே ஏதோ நினைவு வந்து சிரித்தார். வயதானவர்களின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், முகம் தானாக வரும்.

மாமல்லபுரம்

கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் கடலிலிருந்து சூரியன் எழும்புவதால், ஊர்ப் பக்கம் நின்றால் விடியலில் கோயில் கறுப்பு நிழலுருவாகத் தெரியும். அதுதான் வேண்டும் என்றால் வானத்துக்கு வெளிச்சத்தை அளந்து, தம்பதியையும் நிழலாகவே எடுங்கள். முகம் வேண்டும் என்றால் கடல் பக்கம் சுற்றி வாருங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அர்ச்சுனன் தபசும் கிழக்கு பார்த்த பாறைதான். ஆனால் அங்கே அவசரப்பட வேண்டாம். விடிந்த கையோடு வெயில் நேராக அடிப்பதால் சிற்பம் தட்டையாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் மேலிருந்து இறங்க, ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழுந்து எடுப்பாக எழும்பும். எலிகள் சூழக் கையைத் தூக்கிப் பொய்த் தவம் செய்யும் பூனையை அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை கவனித்தார். உடனே அதே மாதிரி அவரும் கையைத் தூக்கிக் காட்ட, பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தின வாரம் நான் முழங்கால் தேய எடுத்த முகூர்த்தப் படங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஆல்பத்தின் அட்டைக்கு அதைத்தான் கேட்டார்கள்.