கண் தசையில் கால்சியம் அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆய்வுக்கு வரும் இளைஞர்கள், நாங்கள் முன்பு இடறிய இடங்களிலேயே இன்றும் இடறுகிறார்கள். கால்சியத்தை ஒளிர்வால் காட்டும் சாயத்தை வெளிச்சத்தில் வைப்பது, கரைசலுக்கு ஆக்சிஜன் செலுத்த மறப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே தசை கற்பித்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பருவகாலத்தை வளர்ச்சி என்று எண்ணுவது

எலிக்குட்டியின் கண்கள் பிறந்து ஏறக்குறைய 14 நாள்களில் திறக்கின்றன. அதையொட்டிய வாரங்களில் கண்ணை அசைக்கும் தசைகளில், சுருக்கத்தை உண்டாக்கும் புரதமான மயோசினின் வகைகள் மாறுகின்றன. சுருக்கம் முடிந்ததும் கால்சியத்தை உள்ளிழுக்கும் செர்கா பம்புகளும் முதிர்கின்றன. எனவே வயது ஏற ஏறக் கால்சியம் விரைவாக இறங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். வெப்பம் ஏறினாலும் அதே விளைவுதான் கிடைக்கும் என்பதில்தான் வினை இருக்கிறது.

ஆடிச் சாரலில் இளங்குட்டிகளை அளந்த மாணவர் ஒருவர், வளர்ந்தவற்றை அடுத்த கத்திரி வெயிலில், மின்சாரம் போய் ஏசி நின்ற பிற்பகல்களில்கூட அளந்தார். வரைபடம் அழகாக வந்தது. குறிப்பேட்டில் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்துக்குப் பக்கம் ‘அறை வெப்பநிலை’ என்று மட்டுமே இருந்தது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பம்பின் வேகம் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ உயரக்கூடும் என்பதால், அந்த வேறுபாட்டில் வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எந்தக் கணக்காலும் முடியவில்லை. அத்தனை உயிர்களும் வீணாயின. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. நம் ஊரில் ‘அறை வெப்பநிலை’ என்பது ஓர் அளவே அன்று.

தசை கிடக்கும் கரைசலை 37 டிகிரியில் நிறுத்துங்கள். குழாயில் வரும் வழியிலேயே கரைசல் ஆறிவிடும் என்பதால், வெப்பமானியின் முனை தசையின் அருகில் இருக்கவேண்டும். இளங்குட்டியையும் வளர்ந்ததையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி அளப்பது இன்னும் நல்லது.

கரு மயோசினைக் கண்டு ‘முதிராத தசை’ என்று எழுதுவது

கருப்பருவத்துக்குரிய மயோசின் வகையான கரு மயோசின் கால் தசையில் சில வாரங்களில் மறையும்; கண் தசையின் வெளியடுக்கிலோ வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. ஆகவே இங்கே அது முதிராமைக்குச் சான்று ஆகாது.

குட்டிகளை எண்ணுவது

ஓர் ஈற்றுக் குட்டிகள் எட்டு என்றால் மாதிரிகள் எட்டு அல்ல; ஒரே தாயின் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணக்கூடாது.

ஃபியூரா-2 காட்டும் உச்சத்தை நம்புவது

இச்சாயம் கால்சியத்தை இறுகப் பற்றுவதால், அளவு உயரும்போது நிறைவடைந்து உச்சத்தைக் குறைத்தே காட்டும். உச்சங்களை ஒப்பிடத் தளர்வாகப் பற்றும் சாயமே வேண்டும். செர்காவை மருந்தால் தடுத்த பின்னும் கால்சியம் ஓரளவு இறங்கினால் மருந்தைச் சந்தேகிக்குமுன், இத்தசைகளில் மிகுந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கால்சியத்தை வாங்கிக்கொள்வதைக் கணக்கில் சேருங்கள்.