பழைய பெர்ஷியன் கம்பளம் வாங்கப் போறீங்களா, மூலையில இருக்குற நம்பரை நம்பி காசை எடுக்காதீங்க

போன வாரம் துபாய்ல புதுசா வேலைக்கு சேர்ந்திருக்குற ஊர்க்கார தம்பி ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். கம்பளத்தோட போட்டோ இல்ல, அதோட மூலையில நெய்திருக்குற நம்பர் மட்டும், நல்லா ஜூம் பண்ணி. "அண்ணே, 1318 போட்டிருக்குண்ணே, ஹிஜ்ரி வருஷமாம், கணக்கு போட்டா 1900 வருது, நூறு வருஷம் தாண்டிருச்சு, கடைக்காரர் நாளைக்குள்ள அட்வான்ஸ் கேக்குறார், கொடுத்துரவா?" பின்பக்கம் எப்படி இருக்குனு கேட்டேன், புரட்டிப் பாக்கலண்ணேங்குறான். எனக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல், ஏன்னா பதினாலு வருஷம் முன்னாடி ஷார்ஜாவுல ஒரு கடையில நானும் இதே மாதிரி ஒரு நம்பரை பாத்துதான் காசை விட்டேன்.

அதனால மெஷின்ல செஞ்சதை கையால நெய்ததுனு நம்பி வாங்குறது, ஹாலை அளக்காம வாங்குறது, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. கொஞ்சம் விசாரிச்சு, படிச்சுட்டு வர்றவங்களே விழுற குழிகளை மட்டும் சொல்றேன்.

கம்பளத்துல இருக்குற தேதி

நான் வாங்கினது ஒரு பக்தியாரி. இரான்ல சஹார்மஹால் பக்கத்து கிராமங்கள்ல நெய்யுறது, கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் சைப்ரஸ் மரம், வில்லோ மரம், பூங்கொத்துனு ஒரு தோட்டத்தையே வச்சிருப்பாங்க. மேல் ஓரத்துல 1312னு தெளிவா இருந்துச்சு. கடைக்காரர் என் முன்னாடியே கணக்கு போட்டார். ஹிஜ்ரிங்குறது நிலாக் கணக்கு, அந்த வருஷம் நம்ம வருஷத்தை விட பத்து பதினொரு நாள் குறைவு, அதனால நம்பர்ல நூத்துக்கு மூணு கழிச்சு 622 கூட்டணும். 1312ல 39 போனா 1273, கூட 622, மொத்தம் 1895. நானும் போன்ல போட்டு பாத்தேன், சரியா வந்துச்சு. 9,000 திர்ஹாம் எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஓரம் பிரிஞ்சதுனு ரஃபூ பண்ற, அதாவது கிழிசலை சரி பண்ற, ஒரு இரானியப் பெரியவர்கிட்ட கொண்டு போனேன். அவர் தேதியை பாக்கவே இல்ல. கம்பளத்தை புரட்டிப் போட்டு பின்பக்கத்தை உள்ளங்கையால தடவினார், அப்புறம் முன்பக்கம் ஒரு ஆரஞ்சு பூவை ரெண்டு விரலால பிரிச்சு அடி வரைக்கும் பாத்தார். நுனியில வெளிறிப் போன ஆரஞ்சு, அடியில கண்ணைப் பறிக்குற ஆரஞ்சு, அதாவது ரசாயனச் சாயம். "இது என் அப்பா காலத்து சாயம்"னார். நான் விடாம 1312 ஐயா, 1895னு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், "எந்த காலண்டர்ல 1312?"

விஷயம் இதுதான். 1925ல இரான் அதிகாரப்பூர்வமா சூரியக் கணக்கு ஹிஜ்ரிக்கு மாறிடுச்சு. அதுல மார்ச்ல வர்ற நவ்ரூஸ் அன்னைக்கு வருஷம் பிறக்கும், அந்த நம்பரோட 621 கூட்டினா போதும். என் 1312 அப்போ 1933. முப்பத்தெட்டு வருஷம் ஒரே நிமிஷத்துல போச்சு. தொண்ணூறு வருஷம்கூட ஆகாத, நல்லா உழைச்ச ஒரு கிராமத்துக் கம்பளத்துக்கு நான் ஆன்டிக் விலை கொடுத்திருக்கேன், வித்தா 3,500 தேறும்னார்.

பணத்தை விட எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாதது வேற ஒண்ணு. அந்த ஆரஞ்சை நான் கடையிலயே பாத்தேன். இது என்ன இப்படி கத்துதுனு மனசுல தோணுச்சு. ஆனா நம்பர் இருக்கேனு என் கண்ணை நானே மூடிக்கிட்டேன். தேதி பண்ற கெடுதல் இதுதான், கம்பளம் சொல்றதை கேக்க விடாது.

இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க. 1304ல இருந்து 1343 வரைக்கும் எந்த நம்பர் இருந்தாலும் அது ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம், நிலாக் கணக்குனா 1886ல இருந்து 1925, சூரியக் கணக்குனா 1925ல இருந்து 1965. 1343ஐ தாண்டின நம்பர் அநேகமா சூரியக் கணக்குதான். 2535, 2536 மாதிரி இருந்தா அது 1976ல இரான் மன்னர் ஷா கொண்டு வந்து 1978லயே கைவிட்ட ராஜ வருஷக் கணக்கு, பழசே கிடையாது.

இது நெய்தவங்க நேர்மையா போட்ட தேதியோட கதை, திருத்தின தேதி வேற இருக்கு. பாரசீக எண்ல 3க்கு தலையில மூணு பல்லு, 2க்கு ரெண்டு. ஒரு பல்லு அளவுக்கு நாலஞ்சு முடிச்சை பிடுங்கிட்டு பின்னணி நிறத்துல முடிச்சு போட்டா 1312 அப்படியே 1212 ஆயிடும், 1895 போய் 1797 ஆயிடும். அதனால தேதிக்கு நேர் பின்பக்கம் முடிச்செல்லாம் ஒரே மாதிரி அமுங்கியிருக்கா, அந்த இடத்து கம்பளி மட்டும் பளிச்னு இருக்கானு பாருங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பழைய கம்பளத்தை பாத்து நெய்யும்போது தேதியையும் ஒரு பூ மாதிரி காப்பி பண்ணிடுவாங்க, சில சமயம் கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பியே இருக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்குற அர்தபில் கம்பளத்துல 946னு தேதி இருக்கு, அதாவது 1539-40, அதை 1893ல 2,000 பவுண்டுக்கு வாங்கினாங்க. அந்த தேதிக்கு மதிப்பு இருக்கு, ஏன்னா கம்பளியும் சாயமும் வேலைப்பாடும் அதே காலத்தை சொல்லுது. அதைப் பாத்து நெய்த நகல்ல அதே 946 இருந்தா அதுக்கு என்ன அர்த்தம் இருக்கு?

"150 வருஷ கும் பட்டு"

கடைக்காரர் இப்படி சொன்னா பொய். இரான்ல இருக்குற கும் நகரத்துல கம்பளத் தறி சூடு பிடிச்சதே 1930கள்ல, பட்டு அதுக்கும் பின்னாடி. இன்னொரு இரானிய ஊரான நாயினும் அப்படித்தான், அங்க முன்னாடி கம்பளி அங்கி நெய்துட்டிருந்தாங்க, அந்த தொழில் நொடிச்ச பிறகுதான் கம்பளத்துக்கு வந்தாங்க. காஷ்மீர் பட்டுக் கம்பளத்தை கும்னு சொல்லி விக்கிறதும் நடக்குது. காஷ்மீர் வேலை ஒண்ணும் மட்டமில்ல, ஆனா அதை காஷ்மீர் விலைக்கு வாங்குங்க.

இத்துப்போன பாவு

மேல கம்பளி அழகா இருக்கும், உள்ள பாவு நூல், அதாவது தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுற நூல், பருத்தி. ஈரத்துல கிடந்த குடோன்லயோ, வருஷக்கணக்கா பூந்தொட்டிக்கு அடியிலயோ இருந்திருந்தா கம்பளி தாங்கிடும், பருத்தி இத்துப்போயிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, நாலஞ்சு இடத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா மடிச்சு காதை பக்கத்துல வச்சு கேளுங்க. காஞ்ச சுள்ளி ஒடியுற மாதிரி படபடனு சத்தம் வந்தா எவ்வளவு குறைச்சு கொடுத்தாலும் வேண்டாம். இதுக்கு வைத்தியம் கிடையாது, ஒரு இடத்தை ஒட்டு போட்டா அதோட விளிம்புல இருந்து மறுபடி கிழியும். என் கூட வேலை பாத்த ஒருத்தர் வீட்டுல அழகான காஷான் ஊர்க் கம்பளம் ஒண்ணு, சோபாவை நகர்த்துறப்போ கால் பட்டு அரை அடிக்கு கிழிஞ்சது, துணி கிழியுற சத்தம்கூட வரல. பின்பக்கம் முழுக்க துணி ஒட்டியோ பசை தடவியோ இருந்தா தொடவே தொடாதீங்க.

சாயம் பூசினது

1920, 30கள்ல அமெரிக்காவுக்கு இரான்ல இருந்து நிறைய சாரூக் ஊர்க் கம்பளம் போச்சு. அதோட ரோஜா நிறம் அங்க பிடிக்கல, அதனால ப்ளீச் பண்ணிட்டு கையால அடர் சிவப்பு பூசினாங்க. முன்பக்கம் மெரூன், பின்பக்கம் வெளிர் ரோஜா, புரட்டினா தெரிஞ்சிடும். இப்போ தேஞ்ச இடத்துல மார்க்கர் பேனா ஓட்டுறாங்க, வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு தேச்சு பாருங்க, நிறம் ஏறினா எழுந்து வந்துருங்க.

அதே நேரம் நல்ல அடையாளத்தை குறைனு நினைச்சு விட்டுடாதீங்க. ஒரே நீலம் பட்டை பட்டையா மாறி வந்தா அது அப்ரஷ், கொஞ்சம் கொஞ்சமா சாயம் போட்டதால வர்றது. அவுரி நீலமும் மஞ்சிட்டி வகை வேர் சிவப்பும் அப்படித்தான் பேசும், எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான். கறுப்பு, காப்பி நிறம் இருக்குற இடம் மட்டும் பள்ளமா தேஞ்சிருந்தா பயப்பட வேண்டாம். அந்த சாயத்துல சேர்த்த இரும்பு கம்பளியை அரிச்சிருக்கும், அதுக்கு பல வருஷம் வேணும்.

முடிச்சு எண்ணுறது

இவ்வளவு இடத்துல எத்தனை முடிச்சுனு எண்ணி தரம் பாப்பாங்க, ஆனா கிராமத்துக் கம்பளத்துக்கு அது அளவுகோலே இல்ல.

குஞ்சம்

பாவு நூலோட நீட்டமா இருக்கணும். தனியா தைச்சிருந்தா கம்பளத்தோட முனை வெட்டுப்பட்டிருக்கு, விலையை குறைங்க.

அட்வான்ஸ்

வீட்டுக்கு கொண்டு போய் பகல் வெளிச்சத்துல ரெண்டு நாள் வச்சு பாக்க விடாத கடையில கொடுக்காதீங்க.

தம்பி நேத்து பின்பக்கம், ஓரம், குஞ்சம், பிரிச்சுப் பாத்த பூனு பதினோரு போட்டோ அனுப்பிட்டான், மடிச்சும் கேட்டிருக்கான், சத்தம் இல்லையாம். அவனோட 1318 பெரும்பாலும் 1939தான், ஒரு மூலையில எனக்கு நல்லா பழக்கமான அந்த ஆரஞ்சு இருக்கு. ஆனா கம்பளி நல்ல கம்பளி, பாவு கெட்டியா இருக்கு, வேலைப்பாடும் மனசு வச்சு செஞ்சது. ஆன்டிக்னு கேட்ட விலையில பாதிக்கு கீழ கேளு, கொடுத்தா வாங்குனு சொல்லியிருக்கேன், சாயங்காலம் கடைக்கு போறான்.