அரிய கிளிகளின் கூட்டுப்பெட்டிக்குள் அலகு-இறகு நோய் புகாமல் காப்பது எப்படி

மரப்பொந்து போதாத காட்டில் கிளிகளுக்காக மாட்டும் பெட்டியே அலகு-இறகு நோயின் கிடங்காகிவிடலாம். மொரீஷியஸின் எக்கோ கிளி, ஆஸ்திரேலியாவின் ஆரஞ்சு வயிற்றுக் கிளி இரண்டும் கூட்டுப்பெட்டிகளைப் பயன்படுத்துபவை. இரண்டிலும் இந்நோய் புகுந்திருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. பெட்டியின் சுத்தம் நம் கையில்தான் இருக்கிறது.

நோயைத் தருவது ஒரு சர்க்கோவைரஸ். இறகுத் தூள், எச்சம், குஞ்சுக்கு ஊட்டும் இரை வழியே பரவும். கொழுப்பு மேலுறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹாலையும் சோப்பையும் தாங்கிப் பிழைக்கும். வெந்நீரையும் நம்ப வேண்டாம். பழைய கூட்டுக்குள் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும்.

கடைசிக் குஞ்சும் பறந்த பிறகு, அடுத்த முட்டைக் காலத்துக்கு முன்பு வேலையை முடியுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் பெட்டிக்குள் கிருமிநாசினி தெளிக்கவே கூடாது.

என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, உள்ளே இருப்பதை முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் இறகுத் தூள் பறந்து உங்கள் உடை, ஏணி, அடுத்த பெட்டி எல்லாவற்றிலும் படியும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸும் தூசியில்தான் வரும். பழைய மரத்தூளை இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு பலகையை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: எச்சம் ஒட்டியிருந்தால் கிருமிநாசினியின் வீரியத்தை அதுவே தின்றுவிடும், வைரஸ் தப்பிவிடும்.

விர்கான் எஸ் என்ற கிருமிநாசினித் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கலந்து தெளியுங்கள். பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். வெயிலில் 3 நிமிடத்தில் காய்ந்தால் மறுபடி தெளியுங்கள். கரைசலின் இளஞ்சிவப்பு மங்கிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அது கிடைக்காவிட்டால், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. இது கீல்களையும் ஆணிகளையும் அரிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் கலக்காதீர்கள். நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு, புதிய மரச்சீவல் போடுங்கள்.

மர விரிசலுக்குள் எந்தக் கரைசலும் முழுதாக இறங்காது. ஆகவே அடிப்பலகையைக் கழற்றி மாற்றும்படி செய்வதே சிறந்தது. தொற்று உறுதியான பெட்டியைக் கழுவி மீட்கப் பாடுபடுவதைவிட எரித்துவிடலாம்.

குஞ்சுகளைச் சோதிக்கும் பருவத்தில், நோய் இல்லாத கூடுகளை முதலிலும் சந்தேகமுள்ளவற்றைக் கடைசியிலும் பாருங்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் புதுக் கையுறை, ஒவ்வொரு பறவைக்கும் தனித் துணிப்பை. வளையம் மாட்டும் இடுக்கியையும் எடைத் தட்டையும் இடையிடையே கரைசலில் நனைத்து அலசுங்கள். சுருண்ட, குட்டையான இறகு, இறகுத் தண்டில் ரத்தம், உறை கழலாத முளையிறகு ஆகியவை அடையாளங்கள். ஆனால் மிக இளம் குஞ்சு இறகில் ஒன்றும் தெரியாமலே இறந்துவிடக்கூடும். கூட்டில் இறந்த குஞ்சை வீசாமல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இறகை மட்டும் அனுப்பினால், பக்கத்துப் பறவையின் தூள் ஒட்டியே "தொற்று உண்டு" என்று முடிவு வரலாம். வடிதாளில் ஒரு சொட்டு ரத்தமும் சேர்த்து எடுங்கள். காயவைத்து, காகித உறையில் இடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நலமாகத் தெரியும் பறவைக்குத் தொற்று உண்டு என்று வந்தால், கூண்டில் உள்ளதாயின் தனிமைப்படுத்தி 90 நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். சில பறவைகள் தாமாகவே தொற்றிலிருந்து மீள்கின்றன. எண்ணிக்கை சொற்பமான இனத்தில், ஒரேயொரு சோதனையை வைத்து ஒரு பறவையை இழப்பது பெரும் பிழை. மறுசோதனையில் சுத்தம் என்று வரும்வரை அதைக் காட்டில் விடவும் கூடாது.